ஐம்பது டாலர் கார்டில் சைபர் டாலர்

தேங்க்ஸ்கிவிங் மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கும்போதே நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். வகுப்பு டீச்சருக்கு என்ன கொடுக்கலாம், டே கேரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மூன்று பேருக்கு என்ன, ஆபீஸ் சீக்ரெட் சான்டாவுக்கு இருபத்தைந்து டாலருக்குள் என்ன கிடைக்கும், பியானோ மிஸ், நீச்சல் கோச், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்... பட்டியல் நீளும். அரை மணி நேரம் முப்பது மெசேஜ் ஓடிய பிறகு யாராவது ஒருவர் எழுதுவார்: "பேசாம கிஃப்ட் கார்டு வாங்கிடலாம்பா, ஈஸி." உடனே பத்து கட்டைவிரல்.

ஈஸிதான், மறுக்கவில்லை. மொய்க் கவர் கொடுத்து வளர்ந்த நமக்கு இது இயல்பாகவே பொருந்திப் போகிற பழக்கம். பணமாகக் கொடுத்தால் அமெரிக்கர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்கிற கூச்சமும் இல்லை, பிடிக்காத மெழுகுவர்த்தியை வாங்கிக் கொடுத்த பாவமும் இல்லை. இதில் நம்ம ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மளிகைக் கடையில் கூடுதல் கேஷ்பேக் தருகிற கிரெடிட் கார்டைத் தேய்த்து அங்கேயே கிஃப்ட் கார்டு வாங்கினால் பாயின்ட்ஸ், அதன் மேல் பெட்ரோல் பாயின்ட்ஸ். என் டீமில் இதற்காக எக்செல் ஷீட் வைத்திருக்கும் மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கிண்டல் செய்ய மாட்டேன், ஃபார்முலா எழுதிக் கொடுத்ததே நான்தான்.

ஆனால் கடந்த சில வருடங்களாக அந்தக் கார்டுகள் தொங்கும் ஸ்டாண்டைப் பார்த்தாலே எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. அமெரிக்காவின் எஃப்டிசி, அதாவது நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் மத்திய வர்த்தக ஆணையம், 2023இல் பெற்ற புகார்களின்படி கிஃப்ட் கார்டு, ரீலோட் கார்டு வழியாக மக்கள் மோசடிக்காரர்களிடம் இழந்த தொகை 21 கோடியே 70 லட்சம் டாலர். இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும். புகார் கொடுக்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதற்கு எங்கள் தமிழ்ப் பள்ளிக் கதை ஒரு சின்ன சாம்பிள்.

நாங்கள் இருப்பது மேரிலாந்தில். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள்தான். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ சொல்லிக் கொடுக்கிறவர்கள். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் பெற்றோர் குழு ஒரு சின்ன மரியாதை செய்யும். 2023 டிசம்பரில் பதினான்கு ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு ஐம்பது டாலர் கார்டு கொடுப்பதாக முடிவானது. எங்கு வேண்டுமானாலும் தேய்க்கலாம் என்கிற வகைக் கார்டு. பொருளாளர் அக்கா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பதினான்கையும் ஒரே பில்லில் வாங்கினார். கார்டுக்கு 700 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் பக்கம் கட்டணம். ஞாயிறு விழாவில் குழந்தைகள் கையால் கொடுக்க வைத்தோம், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி கடைசியில், டீ மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆசிரியை என் மனைவியிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "கடையில கொடுத்தேன், டிக்ளைன் ஆயிடுச்சு. நான் ஏதோ தப்பா பண்ணிட்டேன்னு நெனைச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கொடுத்ததைக் குறை சொல்ற மாதிரி இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "நீங்கதானே எப்பப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்க, என்னன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டாள். கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த முகவரியை டைப் செய்து உள்ளே போய்ப் பார்த்தேன். மீதி: பூஜ்யம் டாலர், சில சென்ட். வரவுசெலவு இரண்டே வரி. வெள்ளி மாலை ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. சனிக்கிழமை முற்பகலில், நாங்கள் ஒருமுறைகூடப் போகாத வேறொரு மாநிலத்துக் கடையில் நாற்பத்தொன்பது டாலர் சொச்சம் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் சிரித்துக்கொண்டே கொடுத்தது வெறும் பிளாஸ்டிக்.

பொருளாளர் அக்கா துணிந்து பதினான்கு பேருக்கும் மெசேஜ் போட்டார்: "தயவு செய்து உங்க கார்டுல பணம் இருக்கான்னு பாருங்க, கூச்சப்படாதீங்க." இன்னும் இரண்டு பேர் அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். ஆக மூன்று கார்டு காலி. மூன்று பேருமே ஒரு மாதத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் கார்டைக் குப்பையிலேயே போட்டுவிட்டார்.

பணம் 150 டாலர்தான், பெரிய தொகை இல்லை. ஆனால் இந்தத் திருட்டு ஓடுவதே இந்த மௌனத்தில்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. வாங்கியவரிடம் கார்டு இல்லை, அதனால் அவருக்குத் தெரியாது. பெற்றுக்கொண்டவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வராது. "நீங்க கொடுத்த கவர் காலியா இருந்துச்சு" என்று எப்படிச் சொல்வது? திருடனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தெரிந்தால் கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

ஸ்டாண்டில் தொங்கும் கார்டில் பணம் கிடையாது. அது வெறும் ஒரு எண். கேஷியர் ஸ்கேன் செய்து நீங்கள் பணம் கட்டியதும், கடையின் கம்ப்யூட்டர் கார்டு நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: இந்த எண்ணில் ஐம்பது டாலர் ஏற்று. அந்த நொடியில்தான் கார்டுக்கு உயிர். அதற்குப் பிறகு யாருக்கு அந்த எண்ணும், சுரண்டினால் தெரியும் பின் நம்பரும் தெரியுமோ அவர்தான் சொந்தக்காரர். விசா, மாஸ்டர்கார்டு முத்திரை போட்டதாக இருந்தால் பதினாறு இலக்கமும், காலாவதி தேதியும், பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் போதும். பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது, ஓடிபி கிடையாது. எங்கள் துறையில் பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினால் மேனேஜர் திட்டுவார். இங்கே பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கடை நடுவில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அதனால் திருடுகிறவர்கள் முதலில் உயிரில்லாத கார்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போகிறார்கள். பணம் இல்லாத அட்டை என்பதால் கடைக்காரர்களும் அதை நகைபோலக் காவல் காப்பதில்லை. வீட்டில் வைத்து உறையைப் பதமாகப் பிரித்து, எண்களைக் குறித்துக்கொண்டு, சுரண்டிய இடத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டி, உறையை மறுபடி ஒட்டி, அதே ஸ்டாண்டில் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். பிறகு காத்திருப்பதுதான் வேலை. காத்திருப்பதும் மனிதர் இல்லை, பாட். மீதி பார்க்கும் பக்கத்தில் அந்த எண்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் புரோகிராம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று ஐம்பது. அடுத்த நிமிடம் பணம் வெளியே. டிசம்பரில் வாங்கிய கார்டை கிறிஸ்துமஸ் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் அவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது.

கார்டைத் தொடாமலேயே செய்யும் ஆட்களும் உண்டு. 2017இல் டிஸ்டில் நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிஃப்ட்கோஸ்ட்பாட் என்று பெயர் வைத்த ஒரு பாட், கிட்டத்தட்ட ஆயிரம் இணையதளங்களில் கார்டு எண்களை வரிசையாக ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே போனவர்கள், மொராக்கோவிலிருந்து இயங்கும் ஒரு கும்பல். மைக்ரோசாஃப்ட் அவர்களுக்கு ஸ்டார்ம் 0539 என்று பெயர் கொடுத்து 2024 மே மாதம் ஒரு அறிக்கை வெளியிட்டது. இவர்கள் கடைக்கே போவதில்லை. பெரிய சில்லறை நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பொய் மெசேஜ் அனுப்பி, அவர்கள் லாகின் வழியாக உள்ளே நுழைந்து, கிஃப்ட் கார்டு அச்சடிக்கும் சிஸ்டத்திலேயே தங்களுக்கு வேண்டிய கார்டுகளை உருவாக்கிக்கொண்டார்கள். சில நிறுவனங்களில் ஒரே நாளில் ஒரு லட்சம் டாலர் வரை போயிருக்கிறது. படித்தபோது எனக்குப் பயத்தோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் தொழில்முறை வியப்பும் வந்தது.

கடை ஸ்டாண்டு விஷயத்துக்கு வருவோம். இது ஏதோ தெருமுனைப் பையன்கள் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு 2023 கடைசியில் புராஜெக்ட் ரெட் ஹுக் என்ற பெயரில் இதற்கென்றே தனி நடவடிக்கை தொடங்கியது. சீனாவோடு தொடர்புள்ள ஒருங்கிணைந்த கும்பல்கள் கார்டுகளைக் காலி செய்து, அந்தப் பணத்தில் ஐபோன் போன்ற விலை உயர்ந்த பொருட்களை வாங்கி ஏற்றுமதி செய்கின்றன என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. ஒரு கூட்டம் எடுக்கும், ஒரு கூட்டம் திரும்ப மாட்டும், ஒரு கூட்டம் பணத்தைச் செலவழிக்கும்.

பார்கோடு மாற்றும் தந்திரம் தனி. உறையின் மேல் இருக்கும் பார்கோடில் திருடன் தன் கையிலிருக்கும் கார்டின் பார்கோடை ஸ்டிக்கராக ஒட்டிவிடுவான். கேஷியர் ஸ்கேன் செய்ததும் உங்கள் ஐம்பது டாலர் நேராக அவன் கார்டில் ஏறிவிடும். உங்கள் கையில் இருக்கும் கார்டுக்கு உயிரே வராது. பாட் கூடத் தேவையில்லை.

சரி, கடையில் என்ன பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். கிழித்து ஒட்டிய இடம் சற்றே மொடமொடவென்று, பசை வழிந்தாற்போல் இருக்கும். பார்கோடின் மூலையை நகத்தால் நெருடிப் பார்ப்பேன், அச்சிட்டது உரியாது, ஒட்டியது உரியும். சில உறைகளில் ஜன்னல் வழியாகக் கார்டு எண்ணின் ஒரு பகுதி தெரியும். அது உறையில் அச்சிட்ட எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒரு பார்வை. பின் நம்பரை மறைக்கும் வெள்ளிப் பட்டை பக்கத்துக் கார்டில் இருப்பதைப்போலவே இருக்கிறதா என்று இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் மறுபடி மாட்டிவிடாதீர்கள், கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மாட்டினால் அடுத்து வருகிறவர் எடுப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முறைக்கத்தான் செய்வார். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்து வாங்கின பரம்பரை நாம், இதற்கெல்லாம் அசரக் கூடாது.

இத்தனையும் பார்த்தாலும் கைதேர்ந்தவன் ஒட்டியதை நானும் கண்டுபிடிக்க முடியாது, கேஷியரும் முடியாது. பொருளாளர் அக்கா வாங்கிய உறைகளில் ஒன்றைப் பிறகு வாங்கிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதனால் என் முதல் யோசனை ஸ்டாண்டையே தவிர்ப்பது. கவுன்டருக்குப் பின்னால் வைத்து எடுத்துக் கொடுக்கும் கார்டு, அல்லது உணவகத்திலேயே கேட்டு வாங்கும் அவர்களது கார்டு, ஸ்டாண்டில் பொதுவில் தொங்குவதைவிட எவ்வளவோ மேல். அதைவிட நல்லது மின்னஞ்சலில் வரும் இ-கிஃப்ட் கார்டு. இடையில் யார் கையும் படாது. ஆனால் கடையின் இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள், தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். நான் பெறுபவரின் மின்னஞ்சலுக்கு நேராக அனுப்பாமல் எனக்கே வரவழைத்து, அச்சிட்டு, குழந்தை வரைந்த வாழ்த்தட்டைக்குள் வைத்துக் கொடுக்கிறேன். கையில் ஒன்றைக் கொடுத்த திருப்தியும் போகாது. எழுத்துப் பிழையில் வேறு யாருக்கோ போய்ச் சேரும் வம்பும் இல்லை.

எங்கு வேண்டுமானாலும் தேய்க்கும் வகையை நான் வாங்குவதையே விட்டுவிட்டேன். அதற்குக் கட்டணம் வேறு. குறிப்பிட்ட கடைக் கார்டைப் பெறுகிறவர் அன்றே தன் கணக்கில் ஏற்றிவிடலாம், ஏற்றிவிட்டால் பிறகு திருட அங்கே ஒன்றும் இருக்காது. எனவே கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "இப்பவெல்லாம் இதுல ஏமாத்து நடக்குது, இன்னைக்கே ஏத்திடுங்க, ஏதாவது பிரச்சினைன்னா எனக்குச் சொல்லுங்க, பில் என்கிட்ட இருக்கு." இந்த ஒரு வாக்கியம் போதும், அவர்களுடைய கூச்சம் பாதி போய்விடும்.

பில் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்குமே, யார் எவ்வளவு என்று, அது மாதிரி ஒன்று இங்கேயும் வேண்டும். கடைப் பில், ஆக்டிவேஷன் சீட்டு தனியாக வந்தால் அது, கார்டின் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ, யாருக்கு எது கொடுத்தோம் என்ற குறிப்பு. போட்டோவை உங்கள் போனிலேயே வையுங்கள், குழுவில் பகிராதீர்கள். எங்கள் மூன்று கார்டில் பணம் திரும்பி வந்தது இரண்டுக்குத்தான். கார்டு நிறுவனம் கேட்டது பில்லின் படமும், கார்டின் இரு பக்கப் படமும். இரண்டு ஆசிரியர்களிடம் கார்டு இருந்தது. ஆறு வாரம், நான்கு போன், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிட இசைக்குப் பிறகு, மாற்றுக் கார்டு தபாலில் வந்தது. குப்பையில் போட்டவரின் கார்டுக்குப் பில்லில் கடைசி நான்கு இலக்கம்தான் இருந்தது. முழு எண் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஐம்பதைப் பெற்றோர் குழு நிதியிலிருந்து கொடுத்தோம். ஆகவே காலிக் கார்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி கிஃப்ட் கார்டில் போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் காலாவதியாகக் கூடாது. ஒரு வருடமாவது பயன்படுத்தாமல் கிடந்தால்தான் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கலாம். நல்ல சட்டம்தான், ஆனால் திருட்டுக்கு அதில் மருந்து இல்லை. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு திருடு போனால் நமக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு கிஃப்ட் கார்டுக்குக் கிடையாது. அதை வாங்கிய கிரெடிட் கார்டு வங்கியிடம் முறையிட்டுப் பார்க்கலாம், ஆனால் "கடைக்காரர் கார்டைக் கொடுத்துவிட்டார், ஆக்டிவேட்டும் ஆகியிருக்கிறது" என்ற பதில் வரலாம் என்பதற்குத் தயாராக இருங்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டேவிட் சியூ, வெனிலா கார்டுகளை நடத்தும் இன்காம் நிறுவனத்தின் மீது 2023 நவம்பரில் வழக்குத் தொடர்ந்தார். உறையைப் பாதுகாப்பாகச் செய்யவில்லை, பணம் போனவர்களை அலையவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. எங்கள் மேரிலாந்து ஒரு படி மேலே போய், நாட்டிலேயே முதலாவதாக 2024இல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டது. 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரித்தால் பிரித்தது தெரியும்படியான உறை வேண்டும், எண்கள் வெளியே தெரியக் கூடாது, கடை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதைப் பற்றி ஆபீஸில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், உறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகாதுதான். ஆனால் ஒரு உறையைப் பிரித்து ஒட்ட இரண்டு நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் ஆனால் அவர்கள் தொழிலின் கணக்கே மாறிவிடும்.

இதுவரை சொன்னது காலிக் கார்டு. இனி சொல்லப் போவது அதைவிட மோசம், ஏனென்றால் அதில் நாமே நம் கையால் எண்ணைப் படித்துக் கொடுக்கிறோம்.

என் மனைவியின் சித்தி மகன் திருச்சியிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கிறான். முதல் செமஸ்டர், முதல் டிசம்பர், டிபார்ட்மென்டில் வாரம் சில மணி நேரம் வேலை. ஒரு நாள் அவன் போனுக்கு ஒரு மெசேஜ். அவனுடைய பேராசிரியர் பெயரில். "இப்போது ஃப்ரீயா? மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது. ஒரு உதவி." உதவி என்ன? லேபில் எல்லாருக்கும் விடுமுறைப் பரிசு கொடுக்க வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது, இருநூறு டாலர் கார்டு ஐந்து வாங்கி, சுரண்டி, படம் எடுத்து அனுப்பு, நாளைக்குப் பணம் தந்துவிடுகிறேன்.

பேராசிரியர் பெயர், துறை, அவருக்குக் கீழே யார் வேலை செய்கிறார்கள், எல்லாமே பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் விஷயம். அது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் மறுத்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். வாத்தியார் கேட்டால் செய்துவிட வேண்டும் என்று வளர்ந்த பையன். முதல் கடையில் இரண்டு வாங்கி அனுப்பிவிட்டான். நானூறு டாலர். இரண்டாவது கடையில் மீதி மூன்றைக் கவுன்டரில் வைத்தபோது, அங்கே இருந்த வயதான அம்மா கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஸ்கேன் செய்யாமல் கேட்டிருக்கிறார்: இதை யார் வாங்கச் சொன்னார்கள் கண்ணா? போனில் சொன்னார்களா? அவருக்கு நேரில் போன் செய்து கேட்டாயா?

அங்கிருந்தே எனக்கு போன். "மாமா, அந்த ஆன்ட்டி கார்டு தர மாட்டேங்கறாங்க. மேம்க்கு அர்ஜென்ட்னு சொன்னாங்க. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

பேசினேன், அவரிடம் நன்றி சொல்ல. பிறகு அவனிடம், உன் மேடத்துடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுது என்றேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, அவர் ஒன்றும் கேட்கவில்லை. உடனே முதல் இரண்டு கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். ஒன்று ஏற்கெனவே காலி. இன்னொன்றில் இருநூறும் அப்படியே இருந்தது, முடக்கி வைத்துப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். அன்று எங்களுக்கு உதவியது வேகம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அழைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

போன இருநூறு டாலர் அவனுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். கல்விக் கடனுக்கு அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிறார். "அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா" என்று அவன் சொன்னபோது, திட்டுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரச் சொல்லி ரசம் சாதம் போட்டு அனுப்பினோம். புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால் தயவு செய்து இந்த ஒன்றைச் சொல்லி வையுங்கள்: எந்தப் பேராசிரியரும், எந்த மேனேஜரும், எந்தத் தமிழ்ச் சங்கத் தலைவரும் கார்டைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல மாட்டார். சங்கத் தலைவர் பெயரில் வரும் மின்னஞ்சலும் இதே ரகம்தான், நிர்வாகக் குழுப் பட்டியல் நம் இணையதளத்திலேயே இருக்கிறதே.

அரசாங்கமும் அப்படித்தான். வரித்துறை, குடியுரிமைத் துறை, போலீஸ், மின்சாரக் கம்பெனி, யாருமே கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. எங்கள் அப்பா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தபோது அவருக்கு ஒரு அழைப்பு: உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் முடக்கப்பட்டுவிட்டது. அவருக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. "இல்லாததை எப்படிப்பா முடக்குவாங்க?" என்று அவர் சிரித்தார். ஆனால் கிரீன் கார்டு காத்திருப்பில் இருக்கும் ஒருவருக்கு, உங்கள் பேப்பரில் பிரச்சினை என்று ஒரு குரல் சொன்னால் சிரிப்பு வராது. 2012 முதல் 2016 வரை அகமதாபாத் கால் சென்டர்களிலிருந்து நடந்த அப்படியொரு மோசடியில், இங்கே இருந்து பணத்தைக் கைமாற்றிவிட்ட 21 பேருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2018இல் இருபது ஆண்டு வரை தண்டனை கொடுத்தது. மிரட்டப்பட்டவர்கள் வயதானவர்களும், சட்டப்படி குடியேறியவர்களும். மிரட்டின குரல் பல நேரம் நம் நாட்டுக் குரல் என்பதுதான் சங்கடமான விஷயம்.

இடையில் சின்னதாக ஒன்று. தபால்காரருக்கு ஏதாவது கொடுக்க நினைப்பவர்கள் கவனியுங்கள், அமெரிக்கத் தபால் ஊழியர்கள் ஒரு சமயத்துக்கு இருபது டாலர் மதிப்புக்குள் இருக்கும் பரிசைத்தான் வாங்கலாம். ரொக்கமும், ரொக்கமாக மாற்றக்கூடிய கார்டும் கூடாது. காபிக் கடைக் கார்டு பத்து டாலருக்கு என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு உடனே அழைத்து முடக்கச் சொல்வது. எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். கார்டு மீதி பார்க்க என்று சொல்லிக்கொண்டு போலிப் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே எண்ணையும் பின்னையும் போட்டால் மிச்சம் இருப்பதும் போகும். பிறகு வாங்கிய கடைக்குப் பில்லோடு போய்ச் சொல்லுங்கள். சில கடைகள் மாற்றித் தரும், சில தராது, ஆனால் அந்த ஸ்டாண்டை ஒரு முறை சோதிப்பார்கள். அதன் பிறகு ரிப்போர்ட்ஃப்ராட் டாட் எஃப்டிசி டாட் கவ் என்ற தளத்தில் புகார். பெரிய தொகை என்றால் எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும், உள்ளூர்ப் போலீஸிலும் ஒரு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு நிறுவனம் போலீஸ் புகார் எண்ணைக் கேட்டால் கையில் இருக்கும்.

வேறு நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு: கனடாவில் கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் புகார் கொடுக்கலாம், ஆஸ்திரேலியாவில் ஸ்கேம்வாட்ச் தளத்தில். சிங்கப்பூரில் வந்திருப்பது மோசடிதானா என்று சந்தேகம் வந்தாலே போதும், ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம், கார்டு வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே.